'பரம்பரை அல்ல' என்னும் பரிவான பொய்

ஆண்டுதோறும் நவம்பர் 17 இந்தியாவில் தேசிய வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் மருத்துவமனைச் சுவர்களிலும் கல்லூரி அறிவிப்புப் பலகைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே பட்டியல் வலம்வரும்: வலிப்பு பேய்பிடித்தல் அல்ல, பைத்தியம் அல்ல, ஒட்டுவாரொட்டி அல்ல, பரம்பரை நோய் அல்ல. முதல் மூன்றும் உண்மை. நான்காவது, அப்படியே எடுத்துக்கொண்டால், உண்மையன்று. நல்ல நோக்கத்துடன் சொல்லப்படுவதால் அதை எவரும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. அது அரைகுறை உண்மை என்று அறிந்த ஆய்வாளர்களும் ஆசிரியர்களும்கூட அதைப் பகிர்ந்துவிட்டுக் கடந்துபோகின்றனர். அவ்வாறு கடந்துபோவது தவறு. அந்தத் தவறுக்கான விலையை வலிப்புள்ளவர்களே கொடுக்கிறார்கள் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் அந்த வாக்கியம் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு வாடகை வீடு மறுக்கப்படுகிறது. அவருக்காகப் பரிந்து பேச வந்தவர், 'நீங்கள் நினைக்கிற சாதிக்காரர் அல்லர் அவர். தாராளமாகக் கொடுக்கலாம்' என்கிறார். வீடு கிடைத்துவிடுகிறது. ஆனால், அந்தச் சாதிக்காரராக இருந்தால் மறுக்கலாம் என்ற விதி அசையாமல் அப்படியே இருக்கிறது. பரிந்து பேசியவரே அதற்கு ஒப்புதலும் அளித்துவிட்டார். மறுப்பு வாக்கியங்களின் இயல்பு இது. ஒன்றை வாய்விட்டு மறுக்கும்போதே இன்னொன்றைச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். 'பரம்பரை அல்ல, ஆகவே ஒதுக்காதீர்' என்பது, பரம்பரையாக இருந்தால் ஒதுக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அப்படியானால், மரபணுக் காரணத்தால் வலிப்பு வந்தவர்களை இந்த விழிப்புணர்வு எங்கே கொண்டு நிறுத்துகிறது?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் முதலில் வலிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதைக் கொண்டுவந்து சேர்த்தது. மீண்டும் மீண்டும் மனநோயோ வலிப்போ தாக்கியவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் எனச் சட்டம் சொல்லத் தொடங்கியது. அந்நிபந்தனையை மீறி நடந்த திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்க முடிந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதே சேர்க்கை. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 'அல்லது வலிப்பு' என்னும் இரண்டு சொற்கள் இரு சட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. இடைப்பட்ட 23 ஆண்டுகளும் சட்டமே வலிப்பைத் திருமணத் தடையாக எழுதிவைத்திருந்த நாடு இது. சட்டத்திலிருந்து சொற்கள் நீங்கிவிட்டன. பெண் பார்க்க வருபவர்கள் கேட்கும் 'குடும்பத்தில் யாருக்காவது…' என்ற கேள்வி நீங்கவில்லை. அக்கேள்விக்கு 'பரம்பரை அல்ல' என்று விடை சொல்லிப் பழகியிருக்கிறோமே தவிர, 'அக்கேள்வியின் பொருள் என்ன' என்று திருப்பிக் கேட்கப் பழகவில்லை.

இனி அறிவியல் சொல்வது. வலிப்பு ஒற்றை நோயன்று. பல காரணங்களால் வரும் ஒரு நிலை. தலைக்காயம், பிறப்பின்போது மூளைக்கு ஏற்படும் ஆக்சிஜன் குறைவு, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், மூளையில் நாடாப்புழுவின் கூட்டுப்புழுக்கள் தங்குதல் என்று பட்டியல் நீளும். உலகில் வலிப்புள்ளவர்கள் ஏறத்தாழ 5 கோடிப் பேர் என்றும், அவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கு அது வராமலே தடுத்திருக்க முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவை ஒருபுறம். மறுபுறம், மரபணுவின் பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. 1995இல் ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்றில், உறக்கத்தின்போது வரும் ஒருவகை வலிப்புக்குக் காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டது. 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று வலிப்புள்ள ஏறத்தாழ 30,000 பேரையும் வலிப்பில்லாத 52,000க்கும் மேற்பட்டோரையும் ஒப்பிட்டு, வலிப்பின் அபாயத்தோடு தொடர்புடைய 26 மரபணுத்தொகுதி இடங்களைச் சுட்டியது. மரபணுவுக்கும் வலிப்புக்கும் தொடர்பில்லை என்று சொல்வதற்கு இன்று வழியே இல்லை.

ஆனால், அந்தத் தொடர்பு எத்தகையது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மேற்சொன்ன 26 இடங்களிலும் உள்ள பொதுவான மாறுபாடுகள் ஒவ்வொன்றும் அபாயத்தை மிகச் சிறிதளவே கூட்டுகின்றன. வலிப்பே வராத கோடிக்கணக்கானோரிடமும் அவை உள்ளன. 1995இல் கண்டறியப்பட்ட மரபணுவோ ஒன்றே போதும் என்ற வகையைச் சேர்ந்தது. அதை உடையவர்களிலும் 100க்கு ஏறத்தாழ 70 பேருக்கே வலிப்பு வருகிறது, எஞ்சியவர்களுக்கு வருவதில்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகர மக்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வு ஒன்றில், வலிப்புள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கு 40 வயதுக்குள் வலிப்பு வரும் வாய்ப்பு 100க்கு 4.7 எனக் கணக்கிடப்பட்டது. பிறரைவிட இது ஏறத்தாழ மும்மடங்கு. 'மும்மடங்கு' என்றால் அச்சம் தோன்றும். '100 பேரில் 95 பேருக்கு வராது' என்றால் அச்சம் தணியும். இரண்டும் ஒரே எண்தான். இவற்றுள் எதைச் சொல்வது என்று தெரியாமல் 'பரம்பரையே அல்ல' என்று மூன்றாவதாக ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்திருக்கிறது விழிப்புணர்வு.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று சொல்லிலேயே இருக்கிறது. 'மரபணு' என்ற கலைச்சொல்லைத் தமிழ் உருவாக்கிக்கொண்டபோது அதனுள் 'மரபு' வந்து அமர்ந்துவிட்டது. இந்தியில் 'ஆனுவம்ஷிக்' என்பதற்குள் வம்சம் அமர்ந்திருப்பதைப் போல. தெலுங்கின் 'ஜன்யு'வும் மலையாளத்தின் 'ஜனிதக'மும் பிறப்பை மட்டுமே சுட்டுகின்றன. கிரேக்க வேரிலிருந்து 1909இல் யொஹான்சன் உருவாக்கிய 'ஜீன்' என்ற சொல்லும் அவ்வாறே. தமிழிலும் இந்தியிலும் 'இது மரபணு சார்ந்தது' என்று மருத்துவர் சொன்ன மறுகணமே கேட்பவர் செவியில் விழுவது 'இது உங்கள் குலவழி வந்தது' என்பதே. அடுத்த கேள்வி, 'யார் வழி? தாய்வழியா, தந்தைவழியா?' வழக்கு அங்கே தொடங்கிவிடுகிறது. இந்தியக் குடும்பங்களில் அவ்வழக்கின் தீர்ப்பு பெரும்பாலும் யாருக்கு எதிராக எழுதப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், மரபணு சார்ந்தது எல்லாம் மரபுவழி வந்தது அன்று. பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாறுபாடுகளுடனேயே ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. சராசரியாக ஒரு குழந்தைக்கு அவை 60, 70 இருக்கும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எத்தீங்கும் செய்வதில்லை. அரிதாக ஒன்று, நரம்பணுவின் சவ்வில் சோடியம் அயனிகள் புகும் வாயிலை ஆக்கும் எஸ்சிஎன்1ஏ என்னும் மரபணுவில் விழுந்துவிடும். ட்ராவே சிண்ட்ரோம் என்னும் கடும் வலிப்பு பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்லட் ட்ராவே 1978இல் விவரித்த இந்நோய்க்கான காரணம் 2001இல் பெல்ஜியத்தில் வெளிப்பட்டது. ஆராயப்பட்ட ஏழு குழந்தைகளிடமும் அம்மரபணுவில் மாறுபாடு இருந்தது; பெற்றோர் எவரிடமும் அது இல்லை. முழுக்க முழுக்க மரபணு நோய். ஆனால், அதில் மரபு என்று ஏதுமில்லை. 'மரபில்லாத மரபணு நோய்' என்று எழுதினால் தமிழில் அது முரண்தொடராக ஒலிக்கிறது. அந்த ஒலிப்பிலேயே சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் தன் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டில், மரபணு சார்ந்தது என்பதும் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதும் ஒன்றல்ல எனத் தெளிவாகவே எழுதியது. உலகின் சில பகுதிகளில் அச்சொல் களங்கத்தைச் சுமப்பதையும் அது கருத்தில் கொண்டது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் அறிவிப்புக்கே இத்தனை எச்சரிக்கை தேவைப்பட்டதென்றால், சொல்லின் உடலிலேயே மரபைச் சுமக்கும் மொழிகளில் எழுதுவோருக்கு எத்தனை மடங்கு தேவை! நம் பாடநூல்களும் நாளிதழ்களும் அப்படியொரு எச்சரிக்கையைக் காட்டியதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு 'மரபணுக் குறைபாடு', 'மரபணுப் பிறழ்வு', 'மரபணுக் கோளாறு' என்று தீர்ப்புரைக்கும் சொற்களையே அடுக்குகின்றன. மருத்துவ மரபியலோ 2015 முதல் 'மாறுபாடு' என்ற நடுநிலைச் சொல்லுக்கு மாறிவிட்டது. அம்மாறுபாடு தீங்கு தருவதா, தீங்கற்றதா, இன்னும் தெரியாததா என்று ஐந்து படிநிலைகளில் தனியே தரம் பிரிக்கிறது.

தமிழ் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். விலங்கு, பறவை, மரஞ்செடிகளின் இளமைக்கும் ஆண்மைக்கும் பெண்மைக்கும் வழங்கிவரும் பெயர்களை விரிவாகப் பேசும் இயல் அது. மரபு என்பது அங்கே வழக்கு, அதாவது மக்கள் சொல்லிவரும் முறை. இரத்தவழி என்ற ஒற்றைப் பொருளுக்குள் அச்சொல்லை அடைத்தது பிற்காலம். ஆகவே, 'மரபணு' என்ற சொல்லைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அது வம்சத்தைக் குறிக்கவில்லை என்பதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும், அவ்வளவே.

மரபணுவை மறுப்பதால் உண்மையில் யாருக்கு நட்டம்? முதலில் சிகிச்சைக்கு. ட்ராவே சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு, சோடியம் வாயிலைத் தடுக்கும் கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்ற வழக்கமான மருந்துகள் வலிப்பைக் கூட்டிவிடக்கூடும். காரண மரபணு தெரிந்தால் மருந்து மாறும். இரண்டாவது, பழி. ட்ராவேயின் முதல் வலிப்பு முதலாண்டில், பெரும்பாலும் காய்ச்சலோடு வரும். தடுப்பூசிக்குப் பிந்தைய காய்ச்சலாகவும் அது இருக்கலாம். ஊசிதான் குழந்தையைக் கெடுத்தது என்ற நம்பிக்கை அப்படித்தான் வேரூன்றியது. 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தபோது 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ மாறுபாடு இருந்தது. ஊசி போடக் கூட்டிச்சென்ற தாயின் குற்றவுணர்வை ஒரு மரபணுப் பரிசோதனை துடைத்தெறிகிறது. 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும்படி வளர்க்கப்பட்ட சமூகத்தில் அந்தத் தாய் அப்பரிசோதனைக்கு எப்படி முன்வருவாள்?

மூன்றாவது, நோயோடு தொடர்பில்லாத மரபணு மாறுபாடுகளும் நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கின்றன. எச்எல்ஏ-பி*15:02 என்ற மாறுபாடு வலிப்பைத் தருவதில்லை. ஆனால், அதை உடையவர் கார்பமாசெபின் உட்கொண்டால், தோலும் வாய், கண் உள்ளிட்ட சளிச்சவ்வுகளும் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் வரும் அபாயம் பன்மடங்கு கூடுகிறது. 2004இல் தைவானில், அம்மருந்தால் அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் அம்மாறுபாடு இருந்தது தெரியவந்தது. ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைத் தொடங்குமுன் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007இல் அறிவுறுத்தியது. இந்தியாவில் 2009இல் வெளியான சிறிய ஆய்வொன்றிலும் இவ்வாறு பாதிக்கப்பட்ட 8 பேரில் 6 பேரிடம் அது காணப்பட்டது. 'வலிப்புக்கும் மரபணுவுக்கும் தொடர்பில்லை' என்று கற்பிக்கப்பட்ட நோயாளி, மருந்துக்கு முன் மரபணுப் பரிசோதனை என்று மருத்துவர் சொல்லும்போது அதை அவமதிப்பாகத்தானே எடுத்துக்கொள்வார்?

மரபணு என்றால் விதி என்று நினைப்பவர்கள் கர்நாடகத்தின் வெந்நீர் வலிப்பைப் பற்றிப் படிக்க வேண்டும். உலகில் வேறெங்கும் அரிதாகவே காணப்படும் இவ்வகை, தென்னிந்தியாவில், குறிப்பாக மைசூருப் பகுதியில், அதிகமாகப் பதிவாகியுள்ளது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைச் செம்பு செம்பாகத் தலையில் விரைந்து ஊற்றிக் குளிக்கும்போது வலிப்பு வருகிறது. மருத்துவர் கே. எஸ். மணி தொடங்கி நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வரை இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். இது தொடர்ந்து வரும் குடும்பங்களில், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழு 10ஆம், 4ஆம் குரோமோசோம்களில் தொடர்புடைய பகுதிகளைக் கண்டறிந்தது. மரபணுப் பின்புலம் உண்டு. குடும்ப வழியும் உண்டு. ஆனால், பலருக்கு முதல் சிகிச்சை என்ன? தலைக்கு ஊற்றும் நீரின் சூட்டைக் குறைப்பது. அது போதாவிட்டால், குளிப்பதற்கு முன் ஒரு மாத்திரை. விதி என்று அஞ்சப்பட்டது வெந்நீர் அண்டாவருகே நின்றுவிடுகிறது. மரபணுவும் குளியல் வழக்கமும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே அந்த வலிப்பு பிறக்கிறது. இவ்வளவு தெளிவான பாடத்தை நம் நாட்டு மண்ணே எழுதிவைத்திருக்க, 'பரம்பரையா, இல்லையா' என்ற இரட்டைக் கேள்வியிலேயே இன்னமும் உழன்றுகொண்டிருக்கிறோம்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அது அற்பமானதும் அன்று. 'இவ்வளவு நுணுக்கத்தைப் பொதுமக்கள் எங்கே புரிந்துகொள்ளப் போகிறார்கள்? மரபணு என்ற சொல்லை உச்சரித்தாலே திருமணங்கள் நின்றுபோகும். ஒரு சிறு பொய்யால் ஆயிரம் பெண்களுக்கு வாழ்வு கிடைக்குமென்றால் சொல்லிவிட்டுப் போகட்டுமே' என்பர். களத்தில் உழைப்பவர்களின் கவலை இது. ஆனால், அந்தப் பொய் தரும் வாழ்வு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மறைத்து மணமுடிக்கப்பட்ட பெண் மாத்திரையையும் மறைத்தே உட்கொள்கிறாள். புகுந்த வீட்டில் மறைக்க இடமில்லாத நாள்களில் வேளை தவறுகிறது. வேளை தவறினால் வலிப்பு. வலிப்பு வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு. 'பரம்பரை அல்ல' என்ற சுவரொட்டி அன்று அவளுக்குத் துணைநிற்பதில்லை.

இன்னும் கொடியது, உண்மையான அபாயம் பேசப்படாமலே போவது. வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தைக் கருக்காலத்தில் உட்கொண்டால், பிறக்கும் குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பெரும் பிறவிக் குறைபாடுகள் ஏற்படுகின்றன. அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். குழந்தைக்கு வலிப்பு வரும் வாய்ப்பைவிடப் பெரிய எண் இது. அதோடு, முன்கூட்டியே மருந்தை மாற்றியும் ஃபோலிக் அமிலம் சேர்த்தும் குறைக்கக்கூடிய எண். அதற்குக் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கணவனும் அறிந்திருக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் இயங்கிவரும் வலிப்பு, கர்ப்பப் பதிவேடு, வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர் என்பதைக் காட்டியிருக்கிறது. வெளிப்படையாகப் பேசிச் சிகிச்சை பெற்றால் இது இயலும். மறைக்கச் சொல்லும் பரிவு அந்த வழியையே அடைத்துவிடுகிறது. திருமணத்துக்கு முன் பேச வேண்டியது குலவழி அன்று, மாத்திரை. அதைப் பேசவிடாமல் செய்வது எதுவோ அதுவே பெண்ணுக்குப் பகை.

மறுமுனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எச்சிலை அனுப்பினால் எதிர்காலத்தைச் சொல்கிறோம் என்று மரபணுச் சோதிடம் விற்பவர்கள். வலிப்பு விஷயத்தில் அவர்களை நம்புவதற்கும் இடமில்லை. பொதுவான மாறுபாடுகளைக் கூட்டிக் கழித்துத் தனியொருவருக்கு வலிப்பு வருமா என்று இன்று சொல்லிவிட முடியாது. அபாய மதிப்பீடுகளுக்கு அடிப்படையான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. இந்தியர் ஒருவரிடம் காணப்படும் மாறுபாடு இங்கே இயல்பானதா, அரிதானதா என்று தெரியாததால் 'பொருள் தெரியாத மாறுபாடு' என்ற முத்திரையோடு அறிக்கை திரும்பி வருகிறது. 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதிகளை ஜீனோம் இந்தியா திட்டம் திரட்டியிருப்பது நல்ல தொடக்கம். அத்தரவு ஆய்வுக்கட்டுரைகளாக மட்டும் மாறாமல், மாவட்ட மருத்துவமனையில் மரபணு ஆலோசனை தருபவரின் மேசைவரை வந்து சேர வேண்டும்.

சட்டம் சரியான கேள்வியை எப்படிக் கேட்க முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இதய நோய் தொடர்பான காப்பீட்டு வழக்கொன்றில், 'மரபணுக் கோளாறுகள்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லி இழப்பீட்டை மறுக்கும் விதி பாகுபாடானது என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ அவ்வாறு விலக்கக் கூடாதென்று அதே ஆண்டில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்திவிட்டது. உயர் நீதிமன்றம் அந்த நோய் மரபணு நோயே அல்ல என்று சொல்லித் தப்பிக்கவில்லை. மரபணு நோயாகவே இருந்தாலும் விலக்கக் கூடாது என்ற இடத்தில் நின்றது. விழிப்புணர்வும் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

சுவரொட்டியில் என்ன எழுதலாம்? 'வலிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. மரபணு அவற்றுள் ஒன்று. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. தக்க சிகிச்சை கிடைத்தால் 10 பேரில் 7 பேர் வலிப்பின்றி வாழ முடியும். எந்தக் காரணத்தால் வந்தாலும் அது எவருடைய குற்றமும் அன்று.' ஐந்தே வாக்கியங்கள், ஐந்தும் உண்மை. பொதுமக்களுக்குப் புரியாது என்று சொல்லப்பட்ட நுணுக்கம் இவ்வளவுதான்.

இதைச் செய்ய வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். கலைச்சொல் அகராதிகளைத் தொகுப்போர், அறிவியல் பாடநூல்களை மொழிபெயர்ப்போர், வினாத்தாள் அமைப்போர், பல்கலைக்கழக நலப்பணித் திட்ட முகாம்களில் முழக்கம் எழுதுவோர் ஆகிய அனைவருடைய கையெழுத்தும் அந்தப் பொய்யில் இருக்கிறது. அடுத்த நவம்பருக்கு இன்னும் காலம் இருக்கிறது. துறை அறிவிப்புப் பலகையில் அந்தப் பட்டியல் மீண்டும் ஒட்டப்படும்போது, அதன் நான்காவது வரியை அடித்துத் திருத்த ஒரு பேனா போதும்.